சமையலறையை முதலில் முடிவு செய்

அன்புள்ள மகளுக்கு,

பழைய கட்டடத்தை உணவகமாக மாற்ற நீ அனுப்பிய வரைபடத்தில் மேசையும் விளக்கும் அழகாக இருக்கின்றன. சமையலறையை மட்டும் மிச்சமிருந்த மூலையில் தள்ளியிருக்கிறாய். பழைய கட்டடத்தைக் கெடுப்பது நீராவியும் எண்ணெய்ப் பிசுக்கும் கழுவும் தண்ணீரும்தான். இடமிருந்தால் பின்பக்கம் தனியாகக் கட்டு. உள்ளேதான் வேண்டுமென்றால் தரைத்தளத்தோடு நிறுத்திக்கொள். மாடியில் வைத்தால், கசியும் தண்ணீர் சுவருக்குள் செருகிய உத்திர முனையை வெளியே தெரியாமலே உளுக்கவைத்துவிடும்.

உத்திரங்களை இப்போதே சுவரோரம் கூரான திருப்புளியால் குத்திப் பார். நல்ல மரம் எதிர்க்கும். உளுத்தது மெத்தென்று உள்ளே விடும். வீட்டுத் தளத்துக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் கணக்கிடுவார்கள். மேசை போட்ட உணவகத்துக்கு 300 முதல் 400 வரை வேண்டும், கூட்டம் நெருக்கி நிற்குமிடத்துக்கு 500. பொறியாளர் கணக்குப் போட்டுத் தராமல் மாடியில் ஆளை ஏற்றாதே.

பழைய புகைபோக்கி இருக்கிறதே என்று அடுப்புப் புகையை நேராக அதில் விடாதே. செங்கல் இடுக்கில் பிசுக்குப் படிந்து, ஒருநாள் தீப்பிடித்தால் பக்கத்திலுள்ள மர உத்திரம் வரை போகும். உள்ளே எஃகுக் குழாய் இறக்கி, திருப்பம்தோறும் துடைக்க ஒரு கதவு வை.

சுவர் விஷயத்தில் கொத்தனார் சிமெண்டைத்தான் நீட்டுவார், மறுத்துவிடு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, செங்கல் பொடியாக உதிரும். ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு; ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஈரச்சாக்கு போட்டு மெதுவாகக் காயவிடு. அவசரப்பட்டால் பூச்சு வெடிப்பு விடும். பழசு பளிச்சென்று தெரியட்டும் என்று செங்கல்லை மணல் பீய்ச்சித் தேய்ப்பது இன்னும் மோசம்: சூளையில் இறுகிய மேல்தோல் போய்விட்டால் அந்தச் செங்கல் தண்ணீர் குடிக்கத் தொடங்கும்.

மின்குழாய்க்குச் சுவரில் பள்ளம் வெட்டாமல் வெளியிலேயே ஓட்டு. ஆணியைச் சாந்து இணைப்பில் அடி, செங்கல்லில் அல்ல. நீ சேர்ப்பது எதுவானாலும் நாளைக்குக் கழற்றினால் கட்டடம் பழையபடி நிற்க வேண்டும். பழைய நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964இன் வெனிஸ் சாசனமும் இதையொட்டித்தான் பேசுகிறது: கட்டடம் பயன்பாட்டில் இருப்பது நல்லது, ஆனால் அதற்காக அதன் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக்கூடாது. கடையில் வாங்கிய பழம்பொருளைத் தொங்கவிட்டு வரலாறு காட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. படிக்கட்டின் தேய்வு, மறைந்துபோன பெயர்ப்பலகை எழுத்து, அடைத்த வாசலின் தடம், இவைதான் அங்கே நடந்ததற்குச் சாட்சி.

வெள்ளையடிக்க ஆள் பேசிவிட்டதாக எழுதியிருந்தாய். அதை நிறுத்தி வை. ஒவ்வொரு அறையையும் அளவுகோல் வைத்துப் படமெடு. கழற்றும் ஒவ்வொரு கதவுக்கும் அதன் சட்டத்துக்கும் ஒரே எண் கொடு. பிறகு அறைக்கு ஓரிடத்தில் உள்ளங்கை அகலம் கத்தியால் ஒவ்வொரு படலமாகச் சுரண்டு. எந்த நிறத்துக்குமேல் எந்த நிறம் வந்தது என்று தெரியும். அந்த இடத்தில் மட்டும் மறுபடி வண்ணம் அடிக்கவேண்டாம்.

அன்புடன்,
அப்பா