பாதி புரண்டால்தான் வம்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'தலைகீழ்' பற்றி வந்த கட்டுரையின் முதல் பகுதியைப் படித்தேன். கண், இதயம், வானிலை, மார்க்ஸ் என்று ஒரே மூச்சில் ஓடியிருக்கிறார் கட்டுரையாளர். படிக்கச் சுவைதான். ஆனால் தலைகீழ் என்றாலே ஒழுங்கு கெட்டது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் தொடுகிறார். எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: முழுசாகப் புரண்டதால் பெரும்பாலும் தொல்லை இல்லை. பாதி புரண்டு மீதி புரளாமல் நிற்பதுதான் வம்பு.

நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்தின் நுனி வலப்பக்கம் தெரிந்தால் எங்களுக்கு முதலில் சந்தேகம்தான் வரும், ஃபிலிமைத் திருப்பி மாட்டிவிட்டோமோ என்று. அதற்காகத்தான் படம் எடுக்கும்போதே ஃபிலிம் இருக்கும் கேசட்டின் ஓரத்தில், இடம் வலம் காட்ட, ஈயத்தில் செய்த எல் அல்லது ஆர் எழுத்தை வைத்துவிடுவோம். எழுத்து நேராக இருக்கிறது, இதயம் மட்டும் வலப்பக்கம் என்றால், அடுத்துக் கண் போகிற இடம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கீழே. நிற்கவைத்து எடுத்த படத்தில் இரைப்பைக்குள் இருக்கும் காற்று கறுப்புக் குமிழியாகத் தெரியும். வழக்கமாக அது இடப்பக்கம் இருக்கும். குமிழியும் வலப்பக்கம் வந்து, கல்லீரலின் வெண்மை இடப்பக்கம் போயிருந்தால், ஆள் உள்ளுக்குள் அப்படியே கண்ணாடிப் பிம்பம். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார். பலர் தங்களுக்கு இப்படி என்று தெரியாமலே நன்றாக வாழ்ந்து முடிக்கிறார்கள். குடல்வால் வலி இடப்பக்கம் வந்து டாக்டரைக் குழப்பும்போதோ, வேறு எதற்கோ படம் எடுக்க வரும்போதோதான் விஷயம் வெளியே வரும். இதயம் மட்டும் வலப்பக்கம் போய், குமிழி இடப்பக்கமே நின்றுவிட்டால் டாக்டரின் முகம் மாறிவிடும். இதயத்தின் அறைகளிலோ, அதிலிருந்து கிளம்பும் குழாய்களிலோ பிறவிக் கோளாறு இருக்க வாய்ப்பு மிக அதிகம். உடனே எக்கோ என்கிற இதய ஸ்கேனுக்கு எழுதிவிடுவார். கட்டுரையாளர் இந்த இரண்டையும் 'இடம் மாறிய இதயம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்.

இந்த இடம் வலம் எப்படித் தீர்மானமாகிறது என்பது இன்னும் அழகான கதை. கருவின் ஆரம்ப நாட்களில், ஒரு சின்னக் குழிவில் இருக்கும் நுண்ணிழைகள் ஒரே திசையில் சுழன்று, அங்குள்ள திரவத்தை இடப்பக்கமாகத் தள்ளுகின்றன. 1998-இல் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு ஒன்று எலிக் கருவில் இதைக் காட்டியது. அந்த ஓட்டம்தான் எது இடது என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கிறது. பிறவியிலேயே இழைகள் சரியாக அசையாதவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் மாறியே அமைகின்றன. பூவா தலையா போட்ட மாதிரி. அவர்களுக்கு ஓயாத சளியும் சைனஸ் தொல்லையும் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் மூச்சுக்குழாயிலும் இழைகள் அசையாததுதான். இதயம் வலப்பக்கம் இருப்பதன்மேல் பழியைப் போடக் கூடாது.

கண்ணுக்கு வருவோம். விழித்திரையில் உலகம் தலைகீழாக விழுகிறது என்று வானியலாளர் கெப்ளர் 1604-இல் எழுதினார். 'இருந்தும் நாம் எப்படி நேராகப் பார்க்கிறோம்?' என்று கேட்டுவிட்டு, 'மூளை திருப்பிவிடுகிறது' என்று கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். உள்ளே இன்னொரு ஆள் உட்கார்ந்து படத்தைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி! எல்லாமே ஒருசேரக் கவிழ்ந்திருந்தால் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. அமெரிக்காவில் பெர்க்லியில் இருந்த உளவியலாளர் ஸ்ட்ராட்டன் 1890-களில் இதைத் தன்மேலேயே சோதித்தார். ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, மறு கண்ணில் காட்சியைக் கவிழ்க்கும் லென்ஸ் குழாயைப் பொருத்திக்கொண்டு நாட்களை ஓட்டினார். முதலில் குமட்டல், கை ஒரு பக்கம் போனால் பொருள் மறுபக்கம். பார்வை கவிழ்ந்துவிட்டது, தொடுகையும் காதும் பழைய உலகத்திலேயே நின்றன. அந்தப் பிணக்குதான் அவரைப் படுத்தியது. நாட்கள் போகப்போக, நடந்தும் தொட்டும் வேலை செய்துகொண்டிருந்த நேரங்களில் உலகம் நேராகவே தோன்றியது என்று எழுதிவைத்தார்.

வானிலையைப் பற்றி நீட்ட வேண்டாம். மேலே போகப்போகக் காற்று குளிர வேண்டும். குளிர்காலத்து இரவில் தரையோரக் காற்று மட்டும் குளிர்ந்து, அதன்மேல் வெப்பமான படலம் ஒன்று மூடிபோல் உட்கார்ந்துகொண்டால் புகை மேலே ஏற முடியாது. சென்னைக்காரர்களுக்குப் போகிக் காலை போதும், புரிந்துவிடும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நிலக்கரிப் புகை இப்படித்தான் சிக்கிக்கொண்டது. இறந்தவர்கள் 4,000 பேர் என்று அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. புரண்டது ஒரு படலம் மட்டும்தான்.

மார்க்ஸ் பத்தியில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஜெர்மன் தத்துவவாதி ஹெகலை மார்க்ஸ் தலைகீழாகப் புரட்டினார் என்று சொல்லிக் கட்டுரையாளர் முடித்துவிட்டார். மார்க்ஸ் 1873-இல் சொன்னது, ஹெகலிடம் இயங்கியல் (முரண்கள் மோதி மாற்றம் பிறக்கிறது என்ற சிந்தனை முறை) தலையால் நிற்கிறது, அதைத் திருப்பி நிறுத்த வேண்டும் என்பது. அதைவிடச் சுவையான இடம் ஒன்று உண்டு. மார்க்ஸும் எங்கெல்ஸும் 1845-46-இல் எழுதிய 'ஜெர்மன் சித்தாந்தம்' நூலில், கருத்தியலுக்குள் மனிதர்களும் அவர்களின் நிலைமைகளும் சின்னத் துளை வழியே ஒளி புகும் இருட்டுப்பெட்டிக்குள் விழும் பிம்பம்போலத் தலைகீழாகத் தெரிகின்றன என்று சொல்லி, விழித்திரையையும் துணைக்கு இழுக்கிறார்கள். ஸ்ட்ராட்டனைப் படித்துவிட்டு இந்த வரிக்குத் திரும்பினால் வேறு பொருள் கிடைக்கிறது. உள்ளே இருப்பவனுக்கு எல்லாமே ஒன்றாகக் கவிழ்ந்திருப்பதால் அது நேர்தான். கவிழாத ஏதோ ஒன்று, பசியோ வராத கூலியோ, வந்து இடிக்கும்போதுதான் குமட்டல் தொடங்கும். ஊதாப்பூ ஒருவனுக்குத் தரும் நிறம், மற்றவனுக்குச் செண்டுமல்லி தரும் நிறமாக இருந்தால் என்ன ஆகும் என்று ஆங்கிலத் தத்துவவாதி லாக் 1690-இல் கேட்டாரே, அதுவும் இதே வழிதான். நிறங்கள் எல்லாம் முறையாக இடம் மாறியிருந்தால் இருவருக்கும் கடைசிவரை தெரியவே தெரியாது.

இலக்கியத்துக்கு ரோமானியர்களின் சாட்டர்னேலியாவைக் காட்டியிருக்கிறார் கட்டுரையாளர். எசமானர் அடிமைக்கு விருந்து வைத்த டிசம்பர் திருவிழா. சில நாள் கூத்து முடிந்ததும் அடிமை அடிமைதான். இதைப் போய்ச் சமத்துவத்துக்கு முன்னோடி என்கிறார், எனக்கு ஒப்பவில்லை. நம்மிடம் இருப்பதையாவது ஒரு வரி தொட்டிருக்கலாம். 'யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா' என்று தொடங்கும் சம்பந்தரின் திருமாலைமாற்றைக் கடைசியிலிருந்து எழுத்தெழுத்தாகப் படித்தால் அதே பாட்டுத்தான் வரும். பெரியபுராணத்தில் காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்கக் கூடாத கயிலையில் தலையால் நடந்து ஏறுகிறார். அங்கே அம்மையப்பனே அவரை 'அம்மையே' என்று அழைக்கிறான். பக்தைதான் கடவுளுக்குத் தாய்! இவ்வளவு துணிந்த புரட்டலைச் சேக்கிழார் எந்த ஆரவாரமும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார்.

என் கணக்குக்கு ஒத்துவராத ஒன்றும் உண்டு. சர்க்கரைக் கரைசல் வழியாக, ஒரே தளத்தில் அதிரும்படி முனைவாக்கிய ஒளியைச் செலுத்தினால் அந்தத் தளம் வலப்பக்கம் திரும்பும். அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்து, அந்தத் தளம் இடப்பக்கம் திரும்பத் தொடங்கிவிடும். குலாப் ஜாமூனுக்குப் பாகு காய்ச்சும்போது நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுகிறார்களே, அது இந்த வேலையைத்தான் செய்கிறது. சர்க்கரையில் கொஞ்சம்தான் பிரிகிறது, அதுவே பாகு பூத்துப்போகாமல் காக்கிறது. பாதி புரண்டு நல்லது நடக்கிற இடம் அடுக்களை. அடுத்த பகுதியில் இதையும் சேர்க்க முடியுமா என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அப்புறம், அந்த இரண்டு வகை இதயத்தையும் தனித்தனியாகப் பிரித்து ஒரு திருத்தம் போட்டால் நல்லது. படித்துவிட்டு யாராவது வீணாகப் பயந்துவிடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை