ரவிக்கு, நீ போட்டுக் கொடுத்த பிளான் பற்றி

அன்புள்ள ரவி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அத்தையிடம் சொல்லிவிடு. நான் எழுதுவது குமாருக்காக.

நீ போட்டுக் கொடுத்த பன்னிரண்டு வார சைக்கிள் பயிற்சிப் பிளானை அவன் வேதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பிளானில் குறை இல்லைடா. ஆனால் அவனுக்கு யார்டு வேலையில் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். போன செவ்வாய் நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் நேரே எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு வந்துவிட்டான், நான்கு தடவை எட்டெட்டு நிமிஷம் வேகமாக மிதிக்க. மூன்றாவதில் பட்டினத்தார் கோயில் பக்கம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது. வாட்சைக் காட்டி, "பல்ஸ் ஏறவே மாட்டேங்குதுண்ணா, கால் மட்டும் எரியுது" என்றான். இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். உடம்பு களைத்துக் கிடக்கிறது.

உன் ஊர்க் குளுகுளு காத்தில் உட்கார்ந்து செவ்வாய், வியாழன் என்று கட்டம் போட்டுவிட்டாய் மகராசா. இங்கே கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால் எட்டு நிமிஷம் நிற்காமல் மிதிக்க வழியே கிடையாது. மே மாசப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கிறது. மழைக்காலத்தில் பள்ளம் எது, தண்ணீர் எது என்றே தெரியாது.

அதற்காக டேனியல் அண்ணன் மாதிரி மனம் போன போக்கில் ஓட்டச் சொல்லவில்லை. அவர் தினமும் யாரையாவது துரத்துவார். எந்த நாளும் லேசும் இல்லை, முழு மூச்சும் இல்லை. வருஷக்கணக்காக அதே வேகம்தான். விளையாட்டு விஞ்ஞானி ஸ்டீபன் சைலர் உலகத்தர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்து சொன்னது நினைவிருக்கிறதா? அவர்களே ஏறத்தாழ 80 சதவீதப் பயிற்சியை லேசாகத்தான் செய்கிறார்கள். நம் ஆட்கள் தலைகீழ்.

எனக்குப் படுவது இதுதான். வாரத்தில் கடினமான நாள் இரண்டு, நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி. லேசான நாள் என்றால் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இவற்றில் கை வைக்காதே. எந்தக் கிழமை என்பதை மட்டும் அவன் கையில் விடு. காலையில் எழுந்ததும் நாடி பார்க்கட்டும். வழக்கத்தைவிடக் கூடுதலாக அடித்து, தூக்கமும் கெட்டிருந்தால் அன்றைக்குக் கடினப் பயிற்சி வேண்டாம். விட்டுப்போனதை ஞாயிற்றுக்கிழமை நீண்ட சைக்கிள் ஓட்டத்தோடு சேர்த்துத் திணிக்கவும் கூடாது, விட்டது விட்டதுதான். நைட் ஷிஃப்ட் வாரத்தில் கடினமான நாள் ஒன்றே போதும். வேண்டுமானால் அதையே இளைப்பாறும் வாரமாக வைத்துவிடு. பலம் ஏறுவதே ஓய்வில்தான் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதானே.

அப்புறம் ஒன்று. அவன் அப்பா போனதிலிருந்து "முடியல" என்று அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. வீட்டிலும் சரி, யார்டிலும் சரி. ஒரு நாள் பயிற்சி விட்டாலே உன் முகத்தில் எப்படி முழிப்பது என்று தவிக்கிறான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, லாரி ஓடும் ரோடு அது. நான் சொன்னால் தலையாட்டுவான், கேட்க மாட்டான். நீ சொன்னால் கேட்பான்.

திங்கட்கிழமை மறுபடி அவனுக்கு நைட். அதற்குள் போன் போட்டு, அந்தச் செவ்வாய்ப் பயிற்சியை நீயே பிளானிலிருந்து அடித்துவிடு.

அன்புடன்,
செல்வம்