வில்லுப்பாட்டு நோட்டும் கேசட்டும் அழியுறதுக்குள்ள காப்பாத்தித் தரச் சொல்லி கோரிக்கை மனு

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், கலை பண்பாட்டுத் துறை, சென்னை.

அனுப்புநர்: வில்லிசைக் கலைஞர்கள், நாட்டார் பாட்டும் கதையும் சேகரிக்கிறவங்க, திருநெல்வேலி மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்க பக்கம் சுடலைமாடன் கோயில், இசக்கியம்மன் கோயில் கொடைன்னா, அதாவது கோயில் திருவிழான்னா, வில்லுப்பாட்டு இருக்கும். பாடுற புலவர் வீட்டுல ஒரு நோட்டு இருக்கும் ஐயா, ஏட்டைப் பாத்து தாத்தா எழுதுனதை அப்பா திரும்ப எழுதி, ஓரத்துல சிவப்பு மையில 'இங்க வரத்து' (சாமியை வரவழைக்கிற பாட்டு), 'இங்க உடுக்கை ஓங்கணும்'னு குறிச்சு வெச்சிருப்பாங்க. அந்த ஓரக் குறிப்புதான் பெரிய சொத்து. நாங்க வில்லுல பாடுற முத்துப்பட்டன் கதை புத்தகமாவே கெடைக்கும், ஆனா வில்லைத் தட்டுற வீசுகோலை எங்க நிறுத்தணும், சாமி வந்துட்டா பாட்டை எப்படி நீட்டணும்ங்கிறதெல்லாம் நோட்டுல மட்டும்தான் இருக்கு. இப்ப அதெல்லாம் தொட்டாலே ஒடியுது, புலவர் காலமாயிட்டா பழைய பேப்பரோட எடைக்குப் போயிருது, கண்ணால பாத்து வயிறு எரிஞ்சிருக்கோம்.

கேசட்டு கதை இன்னும் மோசம். கொடை ராத்திரியில டேப் ரெக்கார்டரை மேடையோரம் வெச்சுப் பதிஞ்சது, பூஞ்சை புடிச்சு டேப் ஒட்டிக்கிச்சு, ஓட விட்டா அறுந்துருமோன்னு பயந்து அப்படியே வெச்சிருக்கோம்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் ஓலைச்சுவடியும் பழைய நூலும் மின்னூலகத்துல ஏத்துறாங்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில நாட்டார் வழக்காற்றியலுக்குன்னே மையம் இருக்கு. இவங்களையும் சேத்துக்கிட்டு தாலுகாவுக்கு ஒரு முகாம் போடுங்க ஐயா, ஸ்கேனரும் கேசட்டை சுத்தம் பண்ணி மாத்தத் தெரிஞ்ச ஆளும் வரணும். நோட்டை யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாது, எங்க முன்னாடியே ஸ்கேன் பண்ணி கையில குடுத்திரணும். கொடை சீசன்ல மட்டும் வேண்டாம், அப்ப புலவர் யாரும் வீட்டுல இருக்க மாட்டாங்க.

பாடுனவர், எழுதுனவர், சேகரிச்சவர் பேரும் ஊரும் கண்டிப்பா போடணும். பேராசிரியர் நா. வானமாமலையோட நாட்டுப்பாடல் தொகுப்புல பாட்டுக்குக் கீழயே சேகரிச்சவர் பேரும் ஊரும் இருக்கும், அதே மரியாதையைத்தான் கேக்குறோம். வரத்துப் பாட்டை பொதுவுல போட சில கோயில்காரங்களுக்கு மனசு வராது, அவங்க சம்மதம் இல்லாம வெளியிட வேண்டாம்.

ஊர் ஊரா போய் எழுதிட்டு வர்றவங்களுக்கு பஸ் செலவுக்காவது மாசம் ஒரு உதவித்தொகை வேணும் ஐயா, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துலயும் அவங்களைச் சேத்துக்கணும். டிகிரி கேக்காதீங்க. பள்ளிப்படிப்பே முடிக்காத எழுத்தாளர் கி. ராஜநாராயணனை புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியரா உக்கார வெச்சு கதை சேகரிக்கச் சொன்னாங்க, அவர் சேத்த கரிசல் கதைகளையும் வட்டார வழக்குச் சொல்லகராதியையும்தான் இன்னிக்கு ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்க எல்லாம் புரட்டுறாங்க.

முதல் முகாமை ஐப்பசி மழைக்கு முன்னாடி வெச்சுக் குடுத்தீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும், ஈரத்துலதான் நோட்டும் கேசட்டும் அதிகமா வீணாகுது. எந்தெந்த வீட்டுல என்ன இருக்குன்னு லிஸ்ட் எடுத்து வெச்சிருக்கோம், கூப்பிட்டா நேர்ல வந்து குடுக்குறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வில்லிசைக் கலைஞர்கள் மற்றும் சேகரிப்பாளர்கள்