ஒரே மாதிரி மூன்று கிதார்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்டிருந்ததற்குக் கிதாரைக் கையில் எடுக்காமல் பதில் சொல்ல மனம் வரவில்லை. சென்னையில் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த ஈரத்தில் மரம் ஊதி, நாதம் மந்தமாகிவிடும். நேற்று முன்தினம்தான் வெயில் வந்தது. பெட்டிகளைத் திறந்து, மூன்றையும் வெளியே எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மனைவியின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறுகிறாள். பெரியவள் வேலை மாற்றிக்கொண்டு நம் ஊர்ப் பக்கமே வந்துவிட்டாள். நான் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. காலையில் இரண்டு மணி நேரம் வாசிக்கிறேன். இந்த வயதில் இப்படி ஒரு காலை வேளை வாய்க்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

சரி, உன் விஷயம். உன்னிடம் ஏற்கெனவே ஈட்டி மரத்தில் செய்த, ட்ரெட்நாட் என்னும் பெரிய உடல் கிதார் ஒன்று இருக்கிறது. டொரொண்டோ கடையில் அதே அளவு, அதே மரம், அதே ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) மேல்பலகை கொண்ட இன்னொன்றை வாசித்துவிட்டு உனக்குத் தூக்கம் போய்விட்டது. “இருப்பதையே ஏன் மறுபடி வாங்க வேண்டும்? பன்னிரண்டு கம்பிக் கிதார் ஒன்று, நைலான் கம்பி ஒன்று, சிறிய உடல் ஒன்று என்று வகைக்கு ஒன்றாகச் சேருங்கள்” என்கிறான் உன் மகன்.

அவன் சொல்வது நியாயமான பேச்சு. நானும் பதினைந்து வருடம் அப்படித்தான் சேர்த்தேன். பன்னிரண்டு கம்பிக் கிதாரை வாங்கிய முதல் மாதம் வீடே கோயில் போல ஒலித்தது. பிறகு வருடத்துக்கு இரண்டு பாட்டுக்கு மட்டும் அதை எடுத்தேன். பன்னிரண்டு கம்பிகளின் இழுவிசை ஏறத்தாழ நூறு கிலோ. சுருதியைத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்தும், எடுக்காத கிதார்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது, கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் மேல்பலகையிலிருந்து பெயர்ந்து, ஒரு தாளை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அந்த இடைவெளியைப் பார்த்தபோது, வயதான உறவினரை மாதக்கணக்கில் போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டது போல் வலித்தது.

நைலான் கிதாரின் கதை வேறு. அதைக் கிதார் வகைகளில் ஒன்று என்று சொல்வதே எனக்கு ஒப்பவில்லை. அது தனி வாத்தியம். கழுத்து 52 மில்லிமீட்டர் அகலம்; நம் எஃகுக் கம்பிக் கிதாரின் கழுத்து 43 மில்லிமீட்டர்தான். நகம் வளர்க்க வேண்டும், உட்காரும் விதம் மாற வேண்டும், இடது கட்டைவிரல் போகும் இடம்கூட மாறும். அதற்குத் தர வேண்டிய வருடங்களை நான் தரவில்லை. அதைக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் கையில் அது இப்போது பாடுகிறது. வாத்தியத்தை வகைக்கு ஒன்று வாங்கிவிடலாம். அதற்கேற்ற கையை எங்கே வாங்குவது?

எல்லாம் போய்க் கடைசியில் என்னிடம் நின்றவை மூன்று ட்ரெட்நாட்கள். ஒன்று ஈட்டி, இரண்டு மஹோகனி. மூன்றுக்கும் ஒரே அளவுக் கம்பி. பார்க்கிறவர்கள் மூன்றும் ஒன்றுதானே என்கிறார்கள். நேற்று மாலை மகளைக் கூப்பிட்டு, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அவள் எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி எடுத்து ஆறு கம்பியும் ஒலிக்கும் ஈ மேஜர் கார்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் மீட்டினாள். ஈட்டியில் கீழ்ச்சுருதிக் கம்பியின் நாதம் அடியில் தங்கி நின்றது. மற்ற ஐந்தும் அதன் மேல் விரிந்து, மெல்ல மெல்ல அடங்கின. மஹோகனியில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது; சீக்கிரமே ஒதுங்கி, பாடுகிறவரின் குரலுக்கு இடம் விட்டது. இதுவரை வியப்பில்லை, மரம் வேறு. ஆனால் மஹோகனி இரண்டும் ஒரே மாடல். அவற்றையும் பத்துக்குப் பத்து முறை சரியாகச் சொன்னேன். பழையதன் மூன்றாம் கம்பியில் லேசான கரகரப்பு உண்டு, நன்றாகப் பாடிப் பழகிய தொண்டையைப் போல. புதியதில் அது இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? மேல்பலகை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனம்தான். அதன் அடியில் பெருக்கல் குறி போல ஒட்டியிருக்கும் தாங்கு சட்டங்களைச் செதுக்கும்போது ஒரு சீவல் கூடினாலும் குறைந்தாலும் ஒலி மாறும். ஒரே அடிமரத்தில் அறுத்த இரண்டு பலகைகளைக்கூட வளைத்துப் பார்த்தால் ஒன்று விறைப்பாக இருக்கும், மற்றொன்று இளகிக் கொடுக்கும். 1916இல் டிட்சன் இசை நிறுவனத்துக்காக அமெரிக்கக் கிதார் நிறுவனமான மார்ட்டின் செய்த பெரிய வயிற்று உருவம்தான் ட்ரெட்நாட். நூறு வருடத்துக்கு மேலாக எத்தனையோ பட்டறைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்கின்றன. இன்னும் ஒன்றைப் போல் மற்றொன்று ஒலிப்பதில்லை. ஐந்து வகைக் கிதார்கள் வீட்டில் இருந்தபோது எனக்கு வகைகள்தான் கேட்டன. ஒரே மாதிரி மூன்று இருக்கும்போதுதான் மரம் கேட்கிறது. என் காது தீட்டப்பட்டது இந்த மூன்றால்தான்.

அப்படியானால் ஒன்றே போதாதா என்று கேட்பாய். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் வாங்கிய ஒரே மார்ட்டின் கிதாரை, மேல்பலகையில் ஓட்டை விழுந்த பிறகும் ஐம்பது வருடத்துக்கு மேல் வாசித்திருக்கிறார். அந்தப் பற்றை நான் வணங்குகிறேன். எனக்கு மூன்றுக்கும் வேலை இருக்கிறது. ஈட்டி எப்போதும் வழக்கமான சுருதியை விட்டு டி ஏ டி ஜி ஏ டி என்று ஆறு கம்பியையும் மாற்றிக் கூட்டிய சுருதியிலேயே நிற்கிறது. பழைய மஹோகனி பாட்டுக்குத் துணை. புதியது ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கற்க வரும் பிள்ளைகளுக்கு. மூன்றுக்கும் கழுத்து ஒரே அளவென்பதால் எதை எடுத்தாலும் விரல் தடுமாறுவதில்லை.

ஆகையால் உன் மனம் போன இடம் தவறில்லை. ஆனால் கடைக்கு மறுபடி போ. உன் கிதாரையும் எடுத்துக்கொண்டு போ. இரண்டுக்கும் ஒரே புதிய கம்பியைப் போடச் சொல். பல நேரம் நாம் மயங்குவது புதுக்கம்பியின் பளபளப்பில்தான். நீயே வாசிக்காதே. வேறொருவரை வாசிக்கச் சொல்லி எதிரே உட்கார். பிறகும் இரண்டும் இரண்டு குரலாகக் கேட்டால் வாங்கு. கேட்காவிட்டால், எத்தனை அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடு.

இதை இத்தனை கண்டிப்பாகச் சொல்லக் காரணம் அந்த மரம். உன் வீட்டுக் கொல்லைச் சரிவில் நின்ற ஈட்டி நினைவிருக்கிறதா? கூடலூர் தேவாலயத்தின் ஒற்றைக் கிதாரை ஆளுக்கு அரை மணி நேரம் என்று முறை வைத்து அதன் அடியில்தானே வாசித்தோம்? 1969இன் இறுதியில் மார்ட்டின் தன் வழக்கமான மாடல்களில் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது நம் ஈட்டிதான். சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னபோது உன் அப்பா முனகினார்; இன்று யோசித்தால் அந்தச் சட்டத்துக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அந்தக் கடைக் கிதாரின் ஈட்டி, நம் தாத்தாக்கள் பிறக்கும் முன்பே முளைத்த மரமாக இருக்கலாம். இரண்டாவதை வாங்கினால் தினமும் வாசிக்க வேண்டும், நண்பா.

குளிர்காலம் வருகிறது. ஹீட்டர் போட்டதும் உன் வீட்டுக் காற்று வறண்டுவிடும். ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள். ஒன்றானாலும் இரண்டானாலும் பெட்டிக்குள் ஈரப் பை வை. எனக்கு மழையோடு போராட்டம், உனக்கு வறட்சியோடு.

கடையில் இரண்டையும் வாசிக்கும்போது கைபேசியில் பதிவு செய்து அனுப்பு. எது எது என்று சொல்லாதே. கேட்டுவிட்டு நான் எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் கூடலூர்க் கூட்டாளி