தோழர்களே, சம்பளச் சிட்டையையும் ஒருமுறை பாருங்கள்

இடதுசாரிப் பத்திரிகைத் தோழர்களுக்கு,

வணக்கம். கொழும்புக்குப் பக்கத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு எழுதுபவன் நான். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடி பற்றி நீங்கள் எழுதியவற்றைத் தேடித் தேடி வாசித்தேன். நானும் உங்கள் பக்கத்து ஆள்தான்.

உங்கள் கட்டுரைகள் பெரும்பாலும் 1977இல் தொடங்கும். ஜே.ஆர். ஜயவர்தன, திறந்த பொருளாதாரம், அப்புறம் எல்லாவற்றையும் சந்தையிடம் விடும் நவதாராளவாதம், அப்புறம் ஐ.எம்.எஃப். என்ற சர்வதேச நாணய நிதியம், கடைசியில் மக்கள் தலையில் சுமை. பொய் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்றை வாசித்துக் காட்டியபோது தையல் பிரிவில் ஒரு தங்கச்சி கேட்டாள்: "சரி அண்ணா, அந்தச் சுமை என்ர சிட்டையில எங்க இருக்கு?"

ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதியில் இருக்கிறது. அவள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி போடுவது 12 வீதம். அந்தப் பணத்தில் பெரும்பகுதியை மத்திய வங்கி, அரசாங்கம் கடன் வாங்க வெளியிடும் பத்திரங்களான திறைசேரி முறிகளில் போடுகிறது. அதாவது அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி! 2023 ஜூன் கடைசியில், வங்கிகளை 5 நாள் மூடிவைத்துக்கொண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை, அதாவது உள்நாட்டில் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனைகளை மாற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சேமலாப நிதி பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, 2025 வரை 12 வீதமும் அதற்குப் பிறகு 9 வீதமும் வட்டி தரும் புது முறிகளை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுக்காவிட்டால் முறி வருமானத்துக்கு 14 வீத வரி 30 ஆகும் என்றார்கள். வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளில் கைவைக்கவில்லை. வங்கி ஆட்டம் கண்டால் வைப்புப் போட்டவர்களும் விழுவார்கள் என்றார்கள். அது வெறும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கிழவயதுக் காசுக்கு அந்தக் கரிசனை இல்லை. உறுப்பினருக்கு 9 வீதத்துக்குக் குறையாது என்று உறுதி தந்தார்கள். 2022 செப்டம்பரில் 70 வீதத்தை எட்டிய பணவீக்கம் ஏற்கெனவே தின்றதை யார் திருப்பித் தருவது?

நீங்கள் இதை எழுதவே இல்லை என்று சொல்லவில்லை. நான் வாசித்தவற்றில் பத்தாவது பந்தியில் இரண்டு வரியாக வந்துபோனது. முதல் பந்தியில் வந்திருக்க வேண்டியது.

இன்னொன்று. 2019 டிசம்பரில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள். வரியை வெட்டினால் பொருளாதாரம் தானாக ஓடும் என்ற சந்தைவாதிகளின் பழைய கைமருந்து. திறைசேரி வற்றியது. 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமாகத் திரும்பி வந்து கடைக்குப் போகும் எல்லோரிடமும் வசூலிக்கிறது. உங்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? ஆனால் 2021 இரசாயன உரத் தடையையும் இதே மூட்டையில் கட்டாதீர்கள். அதை எந்தச் சந்தைவாதியும் கேட்கவில்லை, ஐ.எம்.எஃப்.பும் கேட்கவில்லை. கோட்டாபய அரசின் சொந்தப் பிடிவாதம் அது. வயலில் நட்டமடைந்த கமக்காரனுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அடுத்த இதழில் ஒரு சம்பளச் சிட்டையை அச்சடித்து, பக்கத்திலேயே விளக்கம் எழுதிப் போடுங்கள். மாதிரி வேண்டுமென்றால் பெயரையும் இலக்கத்தையும் அழித்து என்னுடையதையே அனுப்புகிறேன்.

தோழமையுடன்,
உங்கள் வாசகன்