ஐந்து மாலைகளும் ஒரு மரத்தளமும்: கலைப்பருவத்திற்கு நன்கொடை வேண்டுகோள்

பினாங்குவாழ் தமிழ் மக்களுக்கும், நடனமும் இசையும் பயிலும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், ஆலய நிர்வாகங்களுக்கும், வணிகப் பெருமக்களுக்கும் கலைமன்றச் செயலவையின் வணக்கம்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை தொடங்கி ஜூலை நடுப்பகுதிக்குள், ஜார்ஜ்டவுனில் உள்ள நமது மன்ற அரங்கில் ஐந்து சனிக்கிழமை மாலைகளில் பல்லின ஆடல், இசை, நாடகப் பருவம் நடைபெற இருக்கிறது. மொத்தச் செலவு 140,000 வெள்ளி (ரிங்கிட்). அரங்கில் இருப்பவை 220 இருக்கைகள். ஐந்து மாலைக்கும் சேர்த்து 1,100. அவற்றில் 300 இருக்கைகளைத் தமிழ், சீன, தேசியப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக ஒதுக்கிவிட்டோம். எஞ்சிய 800 டிக்கெட்டும் 30 வெள்ளி வீதம் விற்றுத் தீர்ந்தால்கூட 24,000தான் வரும். எழுபது விழுக்காடு விற்கும் என்றே கணக்கிட்டிருக்கிறோம், அது 16,800. மீதி 123,200 வெள்ளிக்காகவே உங்களிடம் வருகிறோம்.

பல்லினக் கலை நிகழ்ச்சி என்றால் நம் ஊரில் எப்படி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒலிப்பதிவு ஓட, ஐந்து நிமிடம் மலாய்ச் சப்பின் ஆட்டம், ஐந்து நிமிடம் சீன விசிறி நடனம், ஐந்து நிமிடம் பரதம்; பிறகு எல்லாரும் மேடையேறிக் கையசைப்பார்கள். அதில் எந்தக் கலையும் முழுதாகத் தெரிவதில்லை. அப்படிச் செய்தால் இந்தச் செலவில் கால்வாசிகூட ஆகாது. ஆனாலும் ஒவ்வொரு கலைக்கும் ஒரு முழு மாலை, நேரடி இசை, போதிய ஒத்திகை என்பதைச் செயலவை ஒருமனதாக முடிவு செய்தது. பணம் மேடையேறும் நாளுக்கு அல்ல, அதற்கு முந்தைய வாரங்களுக்கே அதிகம் போகிறது.

முதல் வேலை மேடைத் தளம். இப்போது இருப்பது சிமெண்டுத் தரைமேல் ஒட்டிய மெல்லிய விரிப்பு. முழங்காலை மடித்த அரைமண்டி நிலையில், தரையைத் தட்டும் தட்டடவு போடும் பிள்ளையின் பாதம் ஒரு வகுப்பில் ஆயிரக்கணக்கான முறை தரையில் அறைகிறது. சிமெண்டு அந்த அதிர்ச்சியைத் துளியும் வாங்காது; எல்லாம் குதிகாலுக்கும் கணுக்கால் எலும்புக்கும் முழங்காலுக்கும் திரும்பி ஏறும். நல்ல மரத்தளம் மிதிக்கும்போது சற்றே இறங்கி மீளும். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள நம் மேடைக்கு எட்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகை, 12 மில்லிமீட்டர் கனத்தில், ஓர் அடுக்குக்கு வெட்டுச் சேதாரத்தோடு 30 வீதம் இரண்டு அடுக்குக்கு 60 வேண்டும். அடியில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஏறக்குறைய 900 ரப்பர் மெத்தைகள். கீழடுக்கின் இணைப்பும் மேலடுக்கின் இணைப்பும் ஒரே கோட்டில் வரக்கூடாது. வந்தால் அந்த இடம் ஆறே மாதத்தில் தொய்ந்துவிடும்.

பினாங்கின் ஈரக்காற்றில் மரவேலை கெடுவதற்கு வழிகள் பல. பலகையை லாரியில் இருந்து இறக்கிய அன்றே பதித்தால், குளிர்சாதனம் ஓடத் தொடங்கியதும் காய்ந்து சுருங்கும். திருகாணித் தலைகள் மேலே எழும்பி வெறுங்காலைக் கிழிக்கும். அதனால் பலகைகளை அரங்குக்குள்ளேயே இடைவெளி விட்டு அடுக்கி நான்கு நாள் வைத்திருந்து, பிறகே பதிக்கப் போகிறோம். சுவரோரம் நாற்புறமும் 12 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். விடாவிட்டால் மரம் ஊதும்போது நடுவில் முதுகு தூக்கும். சிமெண்டில் இருந்து ஏறும் ஈரத்திற்கும் கரையானுக்கும் அடியில் பாலித்தீன் விரிப்பும் மருந்தும் உண்டு. மேற்பூச்சு பளபளப்பாக இருக்காது, வேர்த்த பாதம் அதில் வழுக்கும். கட்டடம் பழையது, அதன் தரையில் ஓர் ஆணிகூட இறங்காது. முழுத்தளமும் மெத்தைகளின் மேல் தானாகவே அமரும். கூலி உட்பட இதற்கு 38,000 வெள்ளி. பருவம் முடிந்த பிறகும் வாரந்தோறும் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதன்மேல்தான் ஆடுவார்கள்.

அடுத்தது கலைஞர் ஊதியமும் ஒத்திகையும், 54,000. முதல் மாலையான பரத மாலையை மட்டும் எடுத்துக் காட்டுகிறோம். நட்டுவாங்கம் (தாளமிட்டு ஆட்டத்தை நடத்துவது), பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என ஐவர். மேடைக்கு ஒருவருக்கு 800 வெள்ளி. மூன்று மணி நேர ஒத்திகை ஆறு, ஒன்றுக்கு 150. ஆக ஒருவருக்கு 1,700, ஐவருக்கு 8,500. பதிவு செய்த பாட்டுக்கு ஆடினால் இந்தத் தொகை மிச்சமாகும் என்று கேட்பவர்கள் உண்டு. பரதத்தின் நீண்ட உருப்படியான வர்ணத்தில் ஒரே வரியை எடுத்துக்கொண்டு அபிநயத்தால் பலவிதமாக, அதாவது சஞ்சாரியாக, விரிக்கும்போது ஆடுபவரின் முகத்தைப் பார்த்துத்தான் பாடகர் அந்த வரியை மீண்டும் எடுப்பதா முடிப்பதா என்று தீர்மானிக்கிறார். பதிவுக்கு ஆடுபவர் தாள எண்ணிக்கையைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும், அபிநயம் அங்கேயே போய்விடும்.

இரண்டாம் மாலை பங்சாவான், முன்னதாகப் பினாங்கு மலாய்க்காரர்களின் பாட்டும் நகைச்சுவையும் கலந்த ஒரு போரியா. பங்சாவான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இந்தியாவில் இருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பினாங்கிலேயே உருவெடுத்த மலாய் மேடை நாடகம். காட்சி மாற்றத்தின் இடைவெளியில் திரைக்கு முன்னே ஆட்டமும் பாட்டும் நடக்கும். திரைக்குப் பின்னே காட்சி தீட்டிய சீலைகளை மாற்ற ஆட்கள் பழகியிருக்க வேண்டும். ஒத்திகை குறைந்தால் முதலில் சொதப்புவது அந்த இடம்தான். மூன்றாம் மாலை ஹொக்கியன் சீனர்களின் பொத்தேஹி கைப்பாவை நாடகம், நான்காம் மாலை தமிழ்த் தெருக்கூத்து.

இந்த மூன்று மாலைகளுக்கும் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகள் ஓடும், அதற்கு 9,000. பங்சாவானின் நகைச்சுவை நடிகரும், கூத்தில் கதையை நடத்திச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரனும் மேடையிலேயே இட்டுக்கட்டிப் பேசுவார்கள். ஆகவே வரிக்கு வரி முன்கூட்டி எழுதி வைக்க முடியாது; காட்சிச் சுருக்கமே எழுதுவோம். தமிழ் எழுத்துகளைப் பழைய மென்பொருளில் ஓட்டினால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். எனவே ஒவ்வொரு திரையையும் படமாக மாற்றி வைக்கிறோம். ஒரு திரைக்கு இரண்டு வரிக்கு மேல் கூடாது. இயக்குபவருக்கு மேடையில் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும், இல்லையேல் சிரிப்புக்கு முன்னே வரி வந்துவிடும்.

ஐந்தாம் மாலை முழுக்கத் தோல்கருவிகள்: தவில், உருமி, பறை, மலாய்க் கைமேளமான கொம்பாங், 1988இல் ஜொகூர் பாருவில் பிறந்த சீனர்களின் 24 பருவ முரசு. தொழில்நுட்பச் சிக்கல் இதில்தான் அதிகம். குளிர்ந்த காய்ந்த காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும், ஈரத்தில் இறங்கும். பார்வையாளர் நுழையும்போது குளிர்சாதனத்தைப் போட்டால், சேர்த்து வைத்த சுருதி முதல் உருப்படியிலேயே கலைந்துவிடும். இரண்டு மணி நேரம் முன்பே ஓட விட வேண்டும். கொம்பாங் தளர்ந்தால் தோலுக்கும் சட்டத்துக்கும் நடுவே பிரம்பு வளையம் செருகி இறுக்குவார்கள். பறையைத் தீயில் காய்ச்ச வேண்டும், அரங்குக்குள் தீ மூட்ட முடியாது. பின்வாசலுக்கு வெளியே அதற்கென ஓர் இடமும் தீயணைப்புக் கருவியும் ஒரு பொறுப்பாளரும் வைக்கிறோம். முரசுக்கு ஒலிவாங்கியே தேவையில்லை. உருமியின் தேய்ப்பொலிக்கு இடப்பக்கத் தோலருகே கட்டாயம் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் அந்த உறுமல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது.

ஒலி, ஒளி வாடகை ஐந்து மாலைக்கும் 26,000. இதில் பாதிக்கு மேல் பக்கவாட்டு விளக்குகளுக்குப் போகிறது. முன்னிருந்து மட்டும் ஒளி விழுந்தால் உடல் தட்டையாகத் தெரியும், முத்திரை பின்திரையில் கரைந்துவிடும். மாநகர் மன்றத்தின் கேளிக்கை உரிமம், பாடல் உரிமைக் கட்டணம், காப்புறுதி, பாதுகாவலர் எல்லாம் சேர்த்து 7,000. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வர ஒரு மாலைக்கு இரண்டு பேருந்து, மொத்தம் 6,000.

இம்முறை வெளிநாட்டுக் கலைஞர் எவரும் இல்லை. வெளிநாட்டுக் கலைஞருக்கான அரசின் புஸ்பால் அனுமதி, விசா, விமானம், தங்குமிடம் என்று போகும் பணத்தில் உள்ளூர்க் கலைஞருக்கு நியாயமான ஊதியம் கொடுக்கலாம் என்பது எங்கள் தீர்மானம். ஆடி பிறந்தால் உருமிக் குழுக்கள் ஆலயத் திருவிழாக்களுக்கும், சீனர்களின் ஏழாம் மாதத்தில் பொத்தேஹிக் குழுக்கள் கோயில்களுக்கும் போய்விடும். அதனால்தான் ஜூலை நடுப்பகுதியைத் தாண்டவில்லை.

ஒரு ஒட்டுப்பலகை 120 வெள்ளி. ஒரு கலைஞரின் ஓர் ஒத்திகை 150. ஒரு பேருந்து 600. இவற்றில் ஒன்றை ஏற்கலாம், பல குடும்பங்கள் சேர்ந்தும் ஏற்கலாம். பத்து வெள்ளிக்கும் ரசீது உண்டு. தச்சர், மின்பணியாளர், தையற்காரர் உழைப்பாகவும் தரலாம். பழைய ஒலிபெருக்கிகளை அன்புகூர்ந்து தர வேண்டாம். ஒன்றோடொன்று பொருந்தாதவற்றைச் சரிசெய்ய வாடகையைவிட அதிகம் செலவாகிறது.

காசோலையை மன்றத்தின் பெயருக்கே எழுதுங்கள். வங்கிக் கணக்கு எண் மன்ற அலுவலகத்திலும் முத்திரையிட்ட ரசீதுப் புத்தகத்திலும் மட்டும் இருக்கும்; வாட்ஸ்அப்பில் வரும் தனியார் கணக்கு எதற்கும் அனுப்ப வேண்டாம். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு அங்கீகாரம் நம் மன்றத்திற்கு இல்லை, ஆகவே இந்த ரசீதைக் காட்டி வரிக்கழிவு கோர முடியாது. நிறுவனங்கள் இதை முன்கூட்டியே கவனிக்கவும்.

வரும் பணத்தில் முதல் 38,000 தளத்திற்கே போகும். ஏப்ரல் நடுவில் பலகை இறங்கினால்தான் மே தொடக்கத்தில் ஒத்திகை தொடங்கும். மார்ச் இறுதியில் மொத்தத் தொகை குறைவாக இருந்தால் மாலைகளை நான்காகவோ மூன்றாகவோ குறைப்போம். ஒத்திகையையும் ஊதியத்தையும் குறைக்க மாட்டோம். குறைக்கப்பட்ட மாலைக்கென்று குறிப்பிட்டுத் தந்தவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும். வேறு மாலைக்கு மாற்ற விரும்பினால் ரசீதின் பின்புறம் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவும். வரவுசெலவுக் கணக்கு கடைசி மாலை முடிந்த ஆறு வாரத்திற்குள் மன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.