‘திரைக்கு இவ்வளவு’ என்று இனி ஏன் விலை சொல்வதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மொபைல் செயலிகளுக்குத் திரைகளும் சின்னங்களும் வரைந்து தரும் எங்கள் சிறு குழு, விலை சொல்லும் முறையை மாற்றுகிறது. இனி வரும் புதிய வேலைகளுக்குத் ‘திரைக்கு இவ்வளவு’ என்று சொல்ல மாட்டோம். உங்கள் செயலி யாருக்காக, என்ன செய்கிறது என்று முழுதாகக் கேட்டுக்கொண்டு, வரைய வேண்டியவற்றை ஒன்று விடாமல் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலுக்கு விலைப்புள்ளி தருவோம். உங்களில் பலர் சொந்தச் சேமிப்பைப் போட்டுச் செயலி செய்பவர்கள். கணக்கு மாறும்போது அதன் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பத்துத் திரைதான், எளிமையான செயலி" என்று ஒருவர் சொல்லும்போது, எல்லாம் ஒழுங்காக நடந்தால் கண்ணில் படும் பத்துத் திரைகளையே அவர் எண்ணுகிறார். அந்த எண்ணிக்கை சரிதான். ஆனால் வேலையின் பெரும்பகுதி அதற்கு வெளியே கிடக்கிறது. ஆர்டர்களைக் காட்டும் ஒரு திரையை எடுத்துக்கொள்வோம். நான்கைந்து ஆர்டர்கள் வரிசையாக அமைந்த படத்தை வரைவது கடினமல்ல. செயலியை இப்போதுதான் நிறுவியவருக்கு அங்கே ஓர் ஆர்டரும் இருக்காதே, அவருக்கு என்ன காட்டுவது? தகவல் வந்து சேரும்வரை திரையில் என்ன தெரியும்? நடுவில் இணையம் அறுந்தால்? பணம் கழிந்து ஆர்டர் மட்டும் பதிவாகாமல் நின்றால்? பொருளின் பெயர் மூன்று வரிக்கு நீண்டால்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படம் வேண்டும்.

வரையாமல் விட்டால் இவை இல்லாமல் போய்விடுவதில்லை. நிரல் எழுதுபவர் அந்த இடத்துக்கு வரும்போது எதையாவது வைத்தே ஆக வேண்டும். கையில் படம் இல்லாததால் ஒரு வரி எச்சரிக்கையைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். அதில் அவர் குறை ஒன்றுமில்லை. ஆனால் பணம் போய்விட்டதோ என்று பதறி நிற்கும் ஒருவர் பார்க்கப்போவது அந்த ஒரு வரியைத்தான். எங்களைக் கேட்டால், முகப்புத் திரையைவிட வெற்றுத் திரைக்கும் பிழைத் திரைக்கும் அதிகக் கவனம் வேண்டும் என்போம். திரைக் கணக்கில் விலை பேசும்போது செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுபவை இவைதாம். அந்தக் கணக்கை நாங்கள் கைவிட முதன்மைக் காரணம் இதுவே.

அடுத்தது ஐகான். "லோகோ இருக்கிறது, அதையே ஐகானாக மாற்றித் தாருங்கள், ஐந்து நிமிட வேலைதானே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஐந்து நிமிடத்துக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். ஆப்பிளின் ஆப் ஸ்டோருக்கு 1024 பிக்சல் சதுரம் வேண்டும். மூலைகளை நாம் வளைத்து அனுப்பக் கூடாது, ஐபோனே வளைத்துக்கொள்ளும். கூகுள் பிளேவுக்கு 512 பிக்சல் சதுரத்தில் பி.என்.ஜி. கோப்பு, அங்கும் மூலையை வளைப்பது அவர்கள் வேலை. இதோடு முடிந்தால் நல்லது. ஆனால் 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், போனுக்குள் தெரியும் ஐகானை முன்புறம், பின்புறம் என இரண்டு அடுக்குகளாகத் தர வேண்டியிருக்கிறது. ஒரு போன் அதை வட்டமாக வெட்டும், இன்னொன்று வளைந்த சதுரமாக வெட்டும். 108 அலகு (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும்படி ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அளவை) அகலமுள்ள அந்த அடுக்கின் நடுவில் 66 அலகு விட்டமுள்ள வட்டத்துக்குள் இருப்பது மட்டுமே எந்தப் போனிலும் வெட்டுப்படாது என்று நம்பலாம். நீள்சதுர லோகோ ஒன்றின் இரு முனைகளும் காணாமல் போவது இதனால்தான்.

2022இல் ஆண்ட்ராய்டு 13 வந்தபின், போனின் வண்ணத்துக்கேற்ப ஐகானும் மாறுவதற்காக ஒற்றை நிற வடிவம் ஒன்றும் தேவைப்படுகிறது. 2024இல் ஐபோனின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 18 வந்தபோது ஐபோனிலும் இருண்ட வடிவமும் ஒற்றைச் சாயல் வடிவமும் சேர்ந்துகொண்டன. இவற்றையெல்லாம்விட அடிக்கடி மறக்கப்படுவது, ஆண்ட்ராய்டு அறிவிப்புப் பட்டியில் தெரியும் சிறு ஐகான். அங்கே நிறங்கள் எடுபடாது, உருவத்தின் வெளிவடிவம் மட்டுமே மிஞ்சும். நிறச் சாயல்களை நம்பி வரைந்த லோகோ அங்கே ஒரு வெள்ளைச் சதுரமாக நிற்கும். லோகோவுக்குள் நிறுவனத்தின் பெயரும் இருந்தால், அந்த அளவில் அதைப் படிக்கவே முடியாது. ஆகவே ஐகானுக்கு உங்கள் லோகோவிலிருந்து ஒரே ஒரு கூறை எடுக்கச் சொல்வோம். முழு லோகோவும் வேண்டும் என்று வற்புறுத்தினால், சிறிய அளவில் அது எப்படித் தெரிகிறது என்று உண்மையான போனிலேயே காட்டுவோம். பிறகு முடிவு உங்களுடையது.

பொத்தான்களுக்கும் உள்ளே வரும் சிறு சின்னங்களுக்கும் இதே பெருக்கம் உண்டு. ஆண்ட்ராய்டில் 24 அலகு அகலமுள்ள ஒரு சின்னம், திரையில் பிக்சல்கள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதைப் பொறுத்து 24, 36, 48, 72, 96 பிக்சல் என்று ஐந்து விதமாகத் தோன்றும். எந்த அளவுக்கும் மங்காமல் பெரிதாகும் வெக்டர் கோப்பாகத் தந்தால் ஒன்றே போதும்; நாங்களும் பெரும்பாலும் அப்படித்தான் தருகிறோம். நிழல், மங்கல் போன்ற விளைவுகளை ஏற்றி வரைந்தால் அவை வெக்டரில் அப்படியே போகாது, அப்போது மறுபடியும் படக் கோப்புகளுக்கே திரும்ப வேண்டும், செயலியின் எடையும் கூடும். சின்னங்களை எளிய கோடுகளில் வரையச் சொல்லி நாங்கள் வாதாடுவதற்கு அழகு மட்டும் காரணமல்ல.

சில விஷயங்களில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். விரலால் தொடும் இடம் ஐபோனில் குறைந்தது 44 புள்ளி (ஆண்ட்ராய்டின் அலகு போன்ற ஐபோன் அளவை), ஆண்ட்ராய்டில் 48 அலகு சதுரமாக இருக்க வேண்டும் என்பது அந்தந்த நிறுவனங்கள் தரும் வழிகாட்டல். சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை விதிகள் சொல்கின்றன. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரிகிறது என்று பலர் விரும்பிக் கேட்கிறார்கள். வெயிலில் நின்று போனைப் பார்ப்பவருக்கும் கண் மங்கிய முதியவருக்கும் அது எழுத்தே அல்ல. அவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களால் படிக்க முடியாத ஒன்றை நாங்கள் வரைந்து தர விரும்பவில்லை.

இருண்ட திரையும் பட்டியலில் தனியாக இடம்பெறும். 2019இல் ஐ.ஓ.எஸ். 13, ஆண்ட்ராய்டு 10 இரண்டும் அந்த வசதியைப் போன் முழுவதற்கும் கொண்டுவந்தன. நிறங்களைத் தலைகீழாக்கினால் அது முடிந்துவிடாது. வெள்ளையில் துலங்கும் நீலம் கறுப்பில் அமுங்கிப்போகும், நிழல்கள் மறைந்துவிடும், ஒளிபுகும் பின்னணியுள்ள கறுப்பு லோகோ காணாமலே போகும். எல்லாச் செயலிக்கும் இது உடனடியாகத் தேவையில்லை. வேண்டாமென்றால் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் போதும்.

திரையில் வரப்போகும் சொற்களை வரையத் தொடங்கும் முன்பே கேட்கிறோம். ‘இங்கே ஏதோ எழுத்து’ என்று நிரப்பி வரைந்த படம், உண்மையான சொற்கள் வந்ததும் குலைந்துவிடும். தமிழிலும் வெளிவரப்போகும் செயலியென்றால் இது இன்னும் முக்கியம். ஆங்கில எழுத்தை வைத்து அளந்த வரியின் உயரத்தில் தமிழைப் போட்டால் மேலே இகர, ஈகாரக் குறிகளும் கீழே உகரச் சுழிகளும் வெட்டுப்படும். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்குப் பொத்தானே உடைந்து தெரியும்.

எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. கணினியில் பயன்படுத்த வாங்கிய எழுத்துரு உரிமம், அதைச் செயலிக்குள் பொதிந்து வெளியிடப் பொதுவாக இடம் தராது. அதற்கெனத் தனி உரிமம் வாங்க வேண்டும். செலவைத் தவிர்க்க விரும்புபவர்களுக்குத் திறந்த உரிமத்தில் கிடைக்கும் எழுத்துருக்களைப் பரிந்துரைக்கிறோம், அவற்றைச் செயலியில் தாராளமாகச் சேர்க்கலாம். இணையத்தில் கண்ட படங்களை ‘இதைப் போடுங்கள்’ என்று அனுப்பினால், உரிமை யாருடையது என்று தெரியாமல் சேர்க்க மாட்டோம்.

வரைந்ததன் உரிமையையும் எழுத்தில் வைக்கிறோம். தனியாகத் தொழில் செய்பவர் வரைந்ததன் பதிப்புரிமை, எழுத்து மூலம் மாற்றித் தரும்வரை வரைந்தவரிடமே நிற்பது பல நாடுகளின் சட்டம். பணம் கொடுத்துவிட்டதால் எல்லாம் தமதாகிவிட்டது என்று எண்ணிப் பின்னால் சிக்கலில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். கடைசித் தவணை வந்ததும் மூலக் கோப்புகளையும் உரிமை மாற்றக் கடிதத்தையும் சேர்த்தே தருவோம். யாரிடம் வேலை கொடுத்தாலும் இவை இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

திருத்தங்கள் குறித்துக் கேள்வி வரும். பட்டியலில் உள்ளவற்றின் நிறம், இடைவெளி, அமைப்பு ஆகியவற்றை மாற்றுவது திருத்தம். இரண்டு சுற்றுகள் விலைக்குள் அடங்கும். பட்டியலில் இல்லாத ஒரு வசதியைப் பாதியில் சேர்த்தால் அது புதிய வேலை. அதற்குத் தனி விலை சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்குவோம்.

விலைப்புள்ளிக்கு எழுதும்போது, செயலியை யார் பயன்படுத்துவார்கள், அதில் அவர்கள் செய்யப்போவது என்ன, எந்தெந்த மொழிகள், ஆண்ட்ராய்டா ஐபோனா இரண்டுமா, நிரல் எழுதுபவர் யார் என்று தெரிவித்தால் போதும். தாளில் கையால் கிறுக்கிய படமும் பெரிதும் உதவும். நிரல் எழுதுபவரை முதல் பேச்சிலேயே எங்களோடு சேர்த்துவிடுங்கள். பட்டியலைத் தயாரிக்கக் கட்டணம் இல்லை. அதை எடுத்துக்கொண்டு வேறு வடிவமைப்பாளரிடம் போகவும் உங்களுக்குத் தடையில்லை. இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலைகள் பழைய விலையிலேயே முடித்துத் தரப்படும்.

அன்புடன்,
வடிவமைப்புக் குழுவினர்